மசாலா போட்ட உருளைக்கிழங்கு சிப்ஸில் நல்லது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மசாலாவைத் துடைத்துவிட்டு ஒரு வில்லையைத் தின்று பாருங்கள். அவ்வளவுதான் பதில். ஆனால் எந்தப் பாக்கெட் வாங்குவது என்று வீட்டில் சண்டை வந்துதான் கேட்டிருப்பீர்கள் போல, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

எனக்கு ஊர் கேரளாவில் பாலக்காடு பக்கத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலை கோவையில். வாயைத் திறந்தாலே "நீங்க கேரளாங்களா?" என்பார்கள். ஒருநாள் ஆபீசில் டீ நேரத்தில் புளிப்பும் காரமும் போட்ட சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தார்கள். "உங்களுக்கு இதெல்லாம் எங்கீங்க பிடிக்கும், தேங்காயெண்ணெய் நேந்திரங்காய்தானே" என்றார் ஒருத்தர். எனக்குச் சுருக்கென்றது. ஓரம் பழுப்பேறிய வில்லைகளாகப் பொறுக்கி, டிஷ்யூவால் மசாலாவை நன்றாகத் துடைத்து, அவர் கையிலேயே கொடுத்தேன். மென்றவர் முகம் கோணிவிட்டது. கசப்பு! கிழங்கை அதிகக் குளிரில் சேமித்து வைத்தால் மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாகிவிடும். எண்ணெயில் விழுந்ததும் அதுதான் நிறம் ஏறிக் கசக்கிறது. மேலே புளிப்பும் மிளகாயும் இருக்கும்வரை தெரியாது.

அப்புறம் மொறுமொறுப்பு. அதில் பாதி காதில் இருக்கிறது. சிரிக்காதீர்கள், 2004-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆராய்ச்சிக் கட்டுரையே வந்திருக்கிறது. கடிக்கிற சத்தத்தை ஹெட்போனில் கூட்டிக் கேட்க வைத்தால், சிப்ஸ் இன்னும் புதுசாகத் தோன்றியதாம். 2008-இல் இக் நோபல் என்கிற வேடிக்கைப் பரிசும் வாங்கினார்கள். என் கணக்கில் நல்ல சிப்ஸ் பட்டென்று முறிய வேண்டும், மென்றபின் கடைவாயில் மாவாக அப்பக்கூடாது. பிரித்தவுடனே பாருங்கள். மழைக்காலத்தில் நமுத்துப் போனதை வைத்துக் கம்பெனியைத் திட்டுவது நியாயமில்லை.

நேந்திரங்காய்க்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் கிளம்பி வராதீர்கள். மசாலா சிப்ஸ் எனக்கும் உயிர். கோவையில் நான் மலையாளி, பாலக்காட்டில் நான் தமிழன். அங்கே ஒரு ஆபீசில் தமிழில் மனு எழுதிக் கொடுத்தேன், "மலையாளத்தில் எழுதிக்கொண்டு வா" என்று திருப்பி விட்டார்கள். இங்கே சிப்ஸ் தின்பதற்கும் ஊரைக் கேட்கிறார்கள்.

சரி, ஒன்று விட்டுப்போனது. பாக்கெட் அடியில் கிடப்பதைத் தின்று முடிவு கட்டாதீர்கள். உதிர்ந்த உப்பும் மசாலாவும் அங்கேதான் இறங்கியிருக்கும்.