பொம்பளப் பிள்ளைக்கு எந்தப் பாடம்? டீச்சரிடம் சில கேள்விகள்

ஹட்டன் பக்கம் 31 வருடம் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். பாடத் தெரிவில் ஆண், பெண் என்ற பேச்சு எப்படி உள்ளே வருகிறது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். சிலருக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

தாய், பொகவந்தலாவை: மகளுக்கு ஓ/எல்லில் (சாதாரண தரத்தில்) கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஏ. கணிதப் பிரிவுதான் வேணும் என்கிறாள். பொம்பளப் பிள்ளைக்கு அது கஷ்டம், ஆர்ட்ஸ் போதும் என்று வீட்டில் சொல்கிறார்கள். என்ன செய்ய டீச்சர்?

படிக்க விடுங்கள் அம்மா. அந்தப் பிரிவில் வருகிற இணைந்த கணிதம் என்ற பாடம் எல்லாப் பிள்ளைக்கும் கஷ்டம்தான். ஏ எடுத்த மகனாக இருந்தால் இந்தப் பேச்சு உங்கள் வீட்டில் வந்திருக்குமா?

என் அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் தராசைப் பார்த்ததும், சாக்குக்கும் தண்ணிக்கும் எவ்வளவு கழிப்பார்கள், காலைக் கொழுந்தோடு சேர்த்தால் எத்தனை கிலோ, பேருக்கு (ஒரு நாள் கூலிக்குப் பறிக்க வேண்டிய அளவுக்கு) போக மிச்சம் எவ்வளவு என்று மனசுக்குள்ளேயே கூட்டி முடித்திருப்பார். அரைக் கிலோ குறைத்து எழுதினாலும் அந்த இடத்திலேயே கேட்பார். கணக்கு அம்மாவிடம் இருந்தது, பேனை கணக்கப்பிள்ளையிடம் இருந்தது. மலையில் கொழுந்து பறிப்பது பெண்கள், நிறுத்து எழுதுவது ஆண்கள் என்று தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பழகியதால்தான் 'பெண்ணுக்குக் கணக்கு வராது' என்பதை நாமும் நம்பிவிட்டோம். இலங்கையின் முதல் பெண் பொறியியலாளர் பிரேமளா சிவசேகரம் ஒரு தமிழ்ப் பெண். அவர் அந்தத் துறைக்கு வந்தது 1960களில். மகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

தந்தை, மஸ்கெலியா: எங்கள் ஸ்கூலில் ஏ/எல்லுக்கு (உயர்தரத்துக்கு) ஆர்ட்ஸும் கொமர்ஸும்தான் டீச்சர். சயன்ஸ் என்றால் டவுனுக்கு அனுப்பணும். மகனை அனுப்பினோம். மகளை அனுப்பப் பயமாக இருக்கு.

இந்தப் பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. விசயத்தின் வேரே இதுதான். 1சி பாடசாலையில் உயர்தர விஞ்ஞானம் கிடையாது, 1ஏபி பாடசாலையில்தான் இருக்கிறது. தோட்டப் பக்கத்தில் அது தூரம். பையனை டவுனில் சொந்தக்காரர் வீட்டில் விடுகிறோம். மகள் பக்கத்து ஸ்கூலிலேயே ஆர்ட்ஸ் எடுக்கிறாள். பிறகு அந்த வகுப்பு முழுக்கப் பொம்பளப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, 'பொம்பளப் பிள்ளைகளுக்கு ஆர்ட்ஸ்தான் விருப்பம்' என்கிறோம். விருப்பத்தை யாரும் கேட்கவே இல்லையே!

என் பின்னேர வகுப்பில் நாலரை ஆனதும் பின்வாங்கில் பொம்பளப் பிள்ளைகள் பேக் சிப் இழுக்கிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்கும். கடைசி பஸ், அதிலிருந்து இறங்கினால் பணிய (கீழே) இருக்கிற லயம் வரைக்கும் நடை, பனிமூட்டம் இறங்கிவிட்டால் பாதையே தெரியாது, சிறுத்தைப் பயம் வேறு. கடைசி அரை மணித்தியாலத்தில்தான் பாஸ்ட் பேப்பர் கணக்குச் செய்வோம். பையன்கள் இருந்து செய்வார்கள். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் போனது, அது என் பிழை. வகுப்பைச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மாற்றினேன். அதே பொம்பளப் பிள்ளைகள் கடைசிக் கேள்வி வரைக்கும் இருந்தார்கள்.

ஆகவே, உங்கள் தோட்ட டிவிஷனில் இதே நிலையில் இன்னும் எந்த வீடுகள் இருக்கின்றன என்று பாருங்கள். இரண்டு மூன்று பிள்ளைகள் ஒன்றாகப் போய் வரட்டும். ரியூசன் சேரிடம் நேரத்தை மாற்றச் சொல்லிக் கேளுங்கள், கேட்டால் மாற்றுவார்கள். இன்னொன்று: மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளுக்குப் பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம்தான் அகில இலங்கைத் திறமைக்கு. 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பட்டியலில் நுவரெலியாவும் பதுளையும் இருக்கின்றன. கொழும்புப் பிள்ளையைப் பார்த்து உங்கள் மகள் பயப்படத் தேவையில்லை.

மாணவன், தரம் 9, தலவாக்கலை: அடுத்த வருசம் மனைப்பொருளியல் எடுக்க ஆசை மிஸ். கூட்டாளிமார் சிரிக்கிறாங்க.

எடு மகன். ஆண்பிள்ளை எடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. போசாக்கு, குடும்பச் செலவுக் கணக்கு, குழந்தை வளர்ப்பு எல்லாம் அதில் வருகிறது. சிரிக்கிற கூட்டாளிமாருடைய மாமன், சித்தப்பன் எத்தனை பேர் கொழும்பு ஹோட்டல் குசினியில் சமைத்து வீட்டுக்குக் காசு அனுப்புகிறார்கள்? ஒரு விசயம் கவனம். சில பாடசாலைகளில் இதையும் வடிவமைப்பும் நிர்மாணத் தொழினுட்பவியலும் பாடத்தையும் ஒரே நேரத்தில் போட்டு, பொம்பளப் பிள்ளைகள் இந்தப் பக்கம், பையன்கள் அந்தப் பக்கம் என்று பிரித்துவிடுவார்கள். மூன்றாம் தவணை முடியுமுன்பே அப்பாவோடு போய் அதிபரிடம் எழுதிக் கொடு.

தாய், ராகலை: மகளை நர்ஸ் ஆக்கணும். சயன்ஸ் பயம், அதனால் ஆர்ட்ஸில் சேர்த்திருக்கோம்.

அம்மா, அரசாங்கத் தாதியர் பயிற்சிக்கு உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்கள் கேட்கிறார்கள். 'பெண்ணுக்கு ஏற்ற வேலை' என்று நாம் நினைக்கிற வேலைக்கே 'பெண்ணுக்குக் கஷ்டம்' என்று நாம் ஒதுக்குகிற பாடம்தான் வாசல். வர்த்தமானி அறிவித்தலை வாசித்துவிட்டு, தவணை ஓடிப்போகுமுன் மாற்றப் பாருங்கள்.

மாணவி, கொட்டகலை: டெக்னோலஜி எடுத்தால் இன்ஜினியர் ஆகலாமா மிஸ்?

2013இல் தொடங்கிய தொழினுட்பப் பிரிவில் படித்தால் தொழினுட்பவியல் பட்டத்துக்குப் போகலாம். பொறியியல் பீடத்துக்கு இணைந்த கணிதம் வேண்டும். எது வேண்டும் என்று முதலில் முடிவு செய், மகள். வேர்க்‌ஷொப்பில் நீ ஒருத்திதான் பொம்பளப் பிள்ளை என்றாலும் ஸ்பெனரை நீயே பிடி. 'நீ நோட் எழுது, நாங்க செய்றோம்' என்பார்கள், விடாதே.

அண்ணன், பண்டாரவளை: பொம்பளப் பிள்ளைகளைப் பற்றியே பேசுறீங்க. என் தம்பி கணிதத்தில் பெயில், கொழும்புக் கடைக்குப் போறேன் என்கிறான்.

நீங்கள் கேட்டது மிகவும் சரி. 'ஆம்பள சம்பாதிக்கணும்' என்ற பேச்சு பையன்களை எல்லாப் பாடத்திலிருந்தும் ஒரேயடியாக வெளியே எடுத்துவிடுகிறது. 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வியில், ஓ/எல் சித்தியடையாவிட்டாலும் தரம் 12இல் தொழிற்பாடங்கள் படிக்கலாம். எல்லாப் பாடசாலையிலும் இல்லை. உங்களுக்குப் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று வலயக் கல்விப் பணிமனையில் கேளுங்கள். போகும்போது தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவனே கேட்கட்டும்.