பூசணம் பிடித்த மல்லாட்டையை (நிலக்கடலையை) என்ன செய்வது?

கேள்வி: செய்யாறு பக்கம் எங்கள் ஊர். ஆடியில் விதைத்த மானாவாரி மல்லாட்டை. ஐப்பசியில் பிடுங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. செடியோடு நான்கு நாள் குவியலாகக் கிடந்த பிறகுதான் காயைப் பறித்துக் காயவைத்து 30 மூட்டை கட்டினோம். இப்போது ஒரு மூட்டையைப் பிரித்தால் அங்கங்கே பச்சையும் கறுப்புமாகப் பூசணம். மறுபடி வெயிலில் போட்டால் சரியாகிவிடுமா? கெட்டதைச் செக்கில் ஆட்டிப் புண்ணாக்கை மாட்டுக்கு வைக்கலாமா? மீதியைச் சித்திரை வரை வைத்து விற்க நினைத்தோம். வைக்கலாமா?

பதில்: மாட்டிலிருந்தே தொடங்குகிறேன், அதுதான் அவசரம். கெட்ட காயை ஆட்டிய புண்ணாக்கை மாட்டுக்கு வைக்கவே வேண்டாம். ஏற்கெனவே வைத்திருந்தால் இன்றே நிறுத்திவிடுங்கள்.

1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிக் குஞ்சுகள் சில மாதங்களுக்குள் செத்து விழுந்தன. என்ன நோய் என்று யாருக்கும் பிடிபடவில்லை. கடைசியில் அவற்றுக்குப் போட்ட தீனியில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு இருந்தது தெரியவந்தது. அதைத் துருவிப் போனபோதுதான் அஃப்ளாடாக்சின் என்ற விஷத்தை உலகம் முதல்முறையாக அறிந்தது. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூசணம் உண்டாக்குவது அது. உங்கள் மூட்டையில் பாசிப்பச்சையாகத் தெரிவது அநேகமாக அந்த இனம்தான். கறுப்பு பெரும்பாலும் வேறு இனம், இந்த விஷத்தை அது உண்டாக்குவதில்லை. ஆனால் கறுப்புப் பூசணம் நுழைந்த காயில் பச்சையும் நுழைந்திருக்கலாம் என்பதால் இரண்டையும் ஒன்றாகவே பாருங்கள்.

மாட்டின் வயிற்றுக்குள் போன விஷத்தில் சுமார் 1 முதல் 6 சதவீதம், எம்1 என்ற வடிவத்துக்கு மாறிப் பாலுக்கு வருகிறது. தின்ற ஒரு நாளுக்குள்ளேயே பாலில் தெரியும். தீனியை நிறுத்தினால் மூன்று நான்கு நாளில் மறையத் தொடங்கிவிடும். அதனால்தான் இன்றே நிறுத்தச் சொல்கிறேன். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-ல் நாடு முழுக்க எடுத்த 6,432 பால் மாதிரிகளில் 368-ல் இந்த எம்1 வரம்பைத் தாண்டியிருந்தது. அதில் தமிழ்நாட்டின் பங்கு மட்டும் 551 மாதிரிக்கு 88. நம் ஊர்த் தீவனம் எப்படி இருக்கிறது என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது.

சரி, எண்ணெயாவது எடுக்கலாமே என்று தோன்றும். விஷத்தின் பெரும்பகுதி எண்ணெயோடு போகாமல் புண்ணாக்கில்தான் தங்குகிறது. 100 கிலோ பருப்பு ஆட்டினால் 55 கிலோ போலப் புண்ணாக்கு நிற்கும். நூறு கிலோவில் பரவியிருந்தது அந்த 55 கிலோவுக்குள் அடங்கும்போது வீரியம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. எண்ணெயிலும் அடியில் தங்கும் மண்டியோடு சேர்ந்து கொஞ்சம் வரத்தான் செய்யும். பெரிய ஆலைகளில் காரம் சேர்த்துச் சுத்திகரிக்கும்போது அது நீங்கிவிடும், செக்கில் அந்த வேலை இல்லை. ஆகவே கெட்ட காயைச் செக்குக்கும் அனுப்பாதீர்கள். நல்ல காயில் ஆட்டிய எண்ணெயையும் நன்றாகத் தெளியவைத்து, மண்டி கலக்காமல் மேலாக வடித்து எடுங்கள்.

மறுபடி வெயிலில் போடுவது பற்றிக் கேட்டீர்கள். வெயிலில் பூசணம் காயும், விஷம் காயாது. அவித்தாலும் போகாது. வறுத்தால் ஓரளவு குறையும், முழுக்க நீங்காது. இருந்தாலும் மூட்டைகளைப் பிரித்து உலர்த்தத்தான் வேண்டும். இதுவரை உண்டான விஷத்துக்கு அது மருந்தல்ல, இனிமேல் உண்டாகாமல் தடுக்க அதுதான் வழி.

இந்த விஷம் ஒரே சீராகப் பரவியிருப்பதில்லை என்பதுதான் உங்களுக்குச் சாதகமான விஷயம். நூறு காயில் தொண்ணூற்றைந்துக்கு மேல் சுத்தமாக இருக்கலாம், நாலைந்தில் மட்டும் மொத்தமும் குவிந்து கிடக்கலாம். அமெரிக்காவில் 1960-களில் பருப்பை ஒவ்வொன்றாக எடுத்து அளந்தபோது, சில ஒற்றைப் பருப்புகளில் கிலோவுக்கு 10 லட்சம் மைக்ரோகிராம் என்ற கணக்கையும் தாண்டி இருந்தது. ஒரு பருப்பு அரை கிராம் என்று வையுங்கள். அதில் 500 மைக்ரோகிராம் விஷம். பதப்படுத்தப்போகும் கடலைக்கு இந்தியாவில் அனுமதிக்கும் வரம்பு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். அதாவது அப்படிப்பட்ட ஒரே ஒரு பருப்பு, 33 கிலோ நல்ல பருப்பை வரம்பு வரைக்கும் கொண்டுபோய்விடும். இது உச்சபட்சக் கணக்கு, எல்லாக் கெட்ட பருப்பும் இவ்வளவு மோசமாக இருக்காது. ஆனால் கையால் பொறுக்குவதற்கு ஏன் இவ்வளவு பலன் என்பது இதில் புரியும்.

எனவே 30 மூட்டையையும் பிரித்துப் பொறுக்குங்கள். ஓட்டில் பூசணம் தெரிவது, ஓடு விரிந்தது, கரையானோ புழுவோ துளைத்தது, களைக்கொத்து பட்டு வெட்டுண்டது, பருப்பில்லாத பொக்கு எல்லாம் தனியே போகட்டும். வீட்டுக்கு எடுப்பதை உடைத்த பிறகு பருப்பாக இன்னொரு முறை பாருங்கள். சுருங்கியது, நிறம் மாறியது, தோல் கறுத்தது, கசப்பது எதுவும் வேண்டாம். கசந்த பருப்பை விழுங்காமல் துப்பிவிடும்படி பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பொறுக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்வது அவசியம், அந்தத் தூசி நல்லதல்ல. கழித்ததைக் கோழிக்குப் போடாதீர்கள், விதைக்கும் வைக்காதீர்கள். கிணற்றிலிருந்து தள்ளி ஆழமாகக் குழி வெட்டிப் புதையுங்கள். உழைத்து எடுத்ததைப் புதைக்க மனசு வராது என்பது எனக்குத் தெரியும். 30 மூட்டையில் அது ஒன்றோ ஒன்றரையோ இருக்கலாம். மற்றதைக் காப்பாற்ற அதை விட்டுத்தான் ஆக வேண்டும்.

மனிதருக்கு என்ன செய்யும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட முடியாது. அளவுக்கு மீறி ஒரேயடியாக உள்ளே போனால் கல்லீரல் உடனே பாதிக்கும். 1974-ல் ராஜஸ்தான், குஜராத் எல்லைக் கிராமங்களில் மழையில் நனைந்து கெட்ட மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு 397 பேர் நோயுற்றார்கள், 106 பேர் இறந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பல வருடம் போனால் கல்லீரல் புற்றுநோய். இந்த விஷத்தைச் செரிக்கப் பார்க்கும் கல்லீரலே அதை இன்னும் மோசமான வடிவத்துக்கு மாற்றிவிடுகிறது, அது போய் மரபணுவில் ஒட்டிக்கொள்கிறது. ஷாங்காயில் 18,000-க்கும் அதிகமான ஆண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. அஃப்ளாடாக்சின் மட்டும் உடலில் இருந்தவர்களுக்குப் புற்றுநோய் வாய்ப்பு 3 மடங்கு போல, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் தொற்று மட்டும் இருந்தவர்களுக்கு 7 மடங்கு போல உயர்ந்திருந்தது. இரண்டும் சேர்ந்தவர்களுக்கு ஏறக்குறைய 60 மடங்கு. இரண்டையும் கூட்டினால் பத்துதான் வரவேண்டும், வந்தது அறுபது. அதனால் வீட்டில் பெரியவர்கள் ஒரு முறை ஹெபடைடிஸ் பி இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். 2011 டிசம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசியில் இந்தத் தடுப்பும் சேர்ந்திருக்கிறது. சின்னப் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை எடுத்து எதுவும் விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பிள்ளைகளைப் பற்றி இன்னொன்று. மேற்கு ஆப்பிரிக்காவில் பெனின், டோகோ நாடுகளில் ஐந்து வயதுக்குட்பட்ட 480 குழந்தைகளைப் பரிசோதித்து 2002-ல் வெளியிட்டார்கள். 99 சதவீதம் பேரின் இரத்தத்தில் இந்த விஷத்தின் தடயம் இருந்தது. அளவு கூடக்கூட, வயதுக்கேற்ற உயரமும் எடையும் குறைந்திருந்தன. பொறுக்கிக் கழித்ததை வறுத்துப் பிள்ளைகளுக்குத் தின்னக் கொடுக்கும் வழக்கம் எங்காவது இருந்தால், தயவுசெய்து வேண்டாம்.

இனி சித்திரை வரை வைப்பது. இதற்கு நேரடியாகப் பதில் சொல்லும் ஆய்வு ஒன்று கினி நாட்டில் நடந்திருக்கிறது. கிண்டியா பகுதியில் 20 கிராமங்கள். பத்து கிராமங்களுக்குச் சாதாரணப் பொருட்களைக் கொடுத்து, கையால் பொறுக்கவும் நாரில் பின்னிய பாயில் போட்டு உலர்த்தவும் கற்றுக்கொடுத்தார்கள். மூட்டை கட்ட நார்ச் சாக்கு, அடுக்க மரச்சட்டம், தரையில் தெளிக்கப் பூச்சி மருந்து, அவ்வளவுதான். மற்றப் பத்து கிராமங்கள் வழக்கப்படி விடப்பட்டன. பிறகு அளந்தது கடலையை அல்ல, அதைச் சாப்பிட்ட 600 மனிதர்களின் இரத்தத்தை. வழக்கப்படி வைத்த கிராமங்களில், அறுவடையின்போது ஆல்புமின் என்ற இரத்தப் புரதம் ஒரு மில்லிகிராமுக்கு 5.5 பிகோகிராமாக (மிக நுண்ணிய அளவு) இருந்த விஷத் தடயம், ஐந்து மாதத்தில் 18.7 ஆகிவிட்டது. பொறுக்கி உலர்த்தி வைத்த கிராமங்களில் 7.2 என்பது 8.0 ஆனது, அவ்வளவே. 2005-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த இந்த ஆய்வை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம், அதில் உங்கள் வீட்டில் செய்ய முடியாத காரியம் ஒன்றுகூட இல்லை. ஐப்பசியிலிருந்து சித்திரைக்கு நீங்கள் கேட்பதும் ஏறக்குறைய அதே ஐந்து மாதம்தான்.

ஆகவே வைக்கலாம், காய்ந்திருந்தால் மட்டும். காய் 8 சதவீத ஈரத்துக்குள் வர வேண்டும். குலுக்கினால் பருப்பு கலகலக்க வேண்டும், தேய்த்தால் தோல் உரிய வேண்டும் என்பது பழைய கணக்கு, அது தோராயமாகச் சரி. அதைவிட உறுதியான வழி ஒன்று உண்டு. அறையின் ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மூடி இறுக்கமான பாட்டிலில் முக்கால் பங்கு காயைப் போட்டு, மீட்டரையும் உள்ளே வைத்து மூடி, நிழலில் ஒரு இரவு விடுங்கள். காலையில் 65-க்குக் கீழே காட்டினால் மூட்டை கட்டலாம். 70-ஐத் தாண்டினால் திரும்பக் களத்துக்குப் போக வேண்டும். இந்தப் பூசணம் வளர, காயைச் சுற்றியுள்ள காற்றில் 80 சதவீதம் போல ஈரம் வேண்டும். 65 என்பது அதற்கும் கீழே போதுமான இடைவெளி. வெவ்வேறு மூட்டையிலிருந்து எடுத்து நான்கைந்து முறை பாருங்கள்.

மண் தரையில் பரப்பாமல் தார்ப்பாயில் மெல்லிசாகப் பரப்புங்கள். அந்தி சாயும் முன் மூடிவிடுங்கள், மார்கழிப் பனி ஒரு இரவிலேயே நாள் முழுக்கக் காய்ந்ததைக் கெடுத்துவிடும். பருப்பாக உடைக்காமல் காயாகவே வையுங்கள், ஓடு ஒரு கவசம். சணல் சாக்கில் கட்டி, பலகை மேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்குங்கள். பழைய உரச் சாக்கு வேண்டாம். காற்றுப் புகாத பைகள் இப்போது வருகின்றன. உள்ளே இருக்கும் பூச்சிகள் மிச்சமிருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டுத் தாமே அடங்கிவிடும், நல்ல ஏற்பாடு. ஆனால் நன்றாகக் காய்ந்த காய்க்கு மட்டும். ஈரக்காயை அதில் கட்டினால் நிலைமை மோசமாகும்.

விலைக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 12 சதவீத ஈரத்தில் 100 கிலோ இருக்கும் காய், 8 சதவீதத்துக்கு வந்தால் 95.6 கிலோதான் நிற்கும். நாலேகால் கிலோவுக்கு மேல் எடை போகிறது. எடைக்குத்தான் காசு கொடுக்கிறார்கள், விஷம் இல்லாததற்கு யாரும் கூடுதலாகக் கொடுப்பதில்லை. காயவைத்தவருக்கு நஷ்டம், ஈரத்தோடு தள்ளிவிட்டவருக்கு லாபம் என்றுதான் சந்தை இன்று நிற்கிறது. இதில் விவசாயியைக் குறை சொல்வது அநியாயம் என்பது என் கருத்து. வடக்கு கானாவின் கடலை விவசாயிகளிடம் நடந்த ஆய்வில், பயிற்சியோடு தார்ப்பாயும் இலவசமாகப் பெற்றவர்களின் கடலையில், பயிற்சி மட்டும் பெற்றவர்களுடையதைவிட விஷம் குறைவாக இருந்தது. அறிவுரையோடு கையில் பொருளும் சேர வேண்டும். உங்கள் பக்கத்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் தார்ப்பாயும் மீட்டரும் பொதுவில் வாங்கச் சொல்லிக் கேளுங்கள். பொறுக்கிய காயைத் தனி ரகமாக எண்ணெய்க்கோ கடலை மிட்டாய்க்கோ எடுப்பவர்களிடம் நேராக விற்க முடிந்தால், போன எடைக்கு விலையில் ஈடு கிடைக்க வழி உண்டு. ஆய்வகச் சோதனை கேட்டார்கள் என்றால் ஒரு கைப்பிடி எடுத்துப் போகாதீர்கள். எல்லா மூட்டையிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகச் சில கிலோ சேர்த்து, மொத்தத்தையும் அரைத்துக் கலக்கிய பிறகே மாதிரி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஒரு கெட்ட பருப்பு கைக்கு அகப்பட்டதா இல்லையா என்பதைப் பொறுத்து முடிவு மாறும்.

உடைக்கும் முன் காய்க்குத் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது, பருப்பு இரண்டாகப் பிளக்காது என்பதற்காக. காயவைத்த பாடெல்லாம் அந்த ஒரு வாளித் தண்ணீரில் போய்விடும். மிஷின்காரர் கேட்டாலும் தெளிக்க விடாதீர்கள்.

அடுத்த ஆடிக்கு இரண்டு விஷயம் மட்டும். பூ இறங்கும் சமயம், 40 முதல் 75 நாளுக்குள், ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணையுங்கள். சுண்ணாம்புச் சத்து ஏறினால் ஓடு திடமாகும். அப்புறம், பிடுங்கிய செடியைக் குவியலாக்காமல், காய் மேலே பார்க்கும்படி வரிசையாகத் திருப்பிப் போடுங்கள். மழை வந்தாலும் காற்று நடுவே ஓடும். முடிந்தால் அன்றைக்கே காயைப் பறித்து, கூரைக்கடியிலாவது மெல்லிசாகப் பரப்பிவிடுங்கள். இந்த முறை உங்கள் காயைக் கெடுத்தது மழையைவிட அந்த நான்கு நாள் குவியல்தான்.