எக்ஸ்டெண்டர் மாட்டியதும் டெலிஃபோட்டோ லென்ஸின் ஆட்டோ ஃபோகஸ் அலைவது ஏன்?

400 மி.மீ. எஃப்/5.6 லென்ஸில் 1.4 மடங்கு எக்ஸ்டெண்டரை (லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையில் மாட்டி, தொலைவை இன்னும் நெருக்கமாகக் காட்டும் துணைக்கருவி) மாட்டியதும் ஆட்டோ ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைவதாகவும், சில வேளைகளில் அசையாமலே நின்றுவிடுவதாகவும் எழுதி, லென்ஸைப் பழுதுபார்க்கக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். இதே இணையை வைத்துக்கொண்டு வேடந்தாங்கல் ஏரிக்கரையில் இரண்டு பருவங்கள் அல்லாடியவன் நான். பெரும்பாலும் பழுது எதிலும் இருக்காது.

1.4 மடங்கு எக்ஸ்டெண்டர் ஒரு ஸ்டாப் வெளிச்சத்தை, அதாவது பாதியை, விழுங்கும் என்பதால் உங்கள் லென்ஸ் 560 மி.மீ. எஃப்/8 ஆகிவிடுகிறது (எஃப் எண் கூடக் கூட ஒளி நுழையும் துளை குறுகும்). டிஎஸ்எல்ஆர் கேமராவின் ஃபோகஸ் சென்சார், லென்ஸின் எதிரெதிர் ஓரங்கள் வழியாக வரும் ஒளிக்கற்றைகளை ஒப்பிட்டு, அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதைக் கொண்டே ஃபோகஸை எந்தப் பக்கம், எவ்வளவு நகர்த்துவது என்று முடிவு செய்கிறது. பல கேமராக்களில் இந்த அமைப்பு எஃப்/5.6 அகலத்தை வைத்தே வடிவமைக்கப்பட்டிருக்கிறது. துளை எஃப்/8 ஆகக் குறுகும்போது அந்த ஓரத்துக் கற்றைகளே மறைந்துபோகின்றன. அதனால்தான் உச்சி வெயிலில் வெளிச்சம் கொட்டிக் கிடந்தாலும் ஃபோகஸ் தடுமாறுகிறது. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது உங்கள் கேமராவின் வரம்பைத்தான். கேனான் 7டி மார்க் 2-இல் நடுப்புள்ளி மட்டும் எஃப்/8-இல் வேலை செய்யும்; 5டி மார்க் 3-க்கு அந்த வசதி 2013-இல் ஃபர்ம்வேர் (கேமராவின் உள் மென்பொருள்) வழியாகத்தான் வந்தது. உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை, கேனான் ஆர்5 எஃப்/22 வரை சமாளிக்கும். வேகம் குறைவதும் கோளாறு அன்று: துல்லியம் கெடாமல் இருப்பதற்காகக் கேனான் தன் 1.4 மடங்கு எக்ஸ்டெண்டரில் ஃபோகஸ் வேகத்தை வேண்டுமென்றே பாதியாகக் குறைத்திருக்கிறது.

என் பழைய கேமராவின் வரம்பு எஃப்/5.6. எக்ஸ்டெண்டரின் மூன்று மின்முனைகளில் டேப் ஒட்டி, அது மாட்டியிருப்பதே தெரியாதபடி கேமராவை ஏமாற்றினேன் (பலரும் செய்வதுதான்). கூழைக்கடா போன்ற பெரிய வெள்ளைப் பறவை பச்சை இலைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தால் ஃபோகஸ் பிடித்தது. ஒரு நாள் காலையில் சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்த பாம்புத்தாராவைக் குறிவைத்தபோது, கறுத்த கழுத்தில் பிடிமானம் கிடைக்காமல் பின்னாலிருந்த கிளைக்குத் தாவிய ஃபோகஸ், அங்கிருந்து 3.5 மீட்டர் வரை வந்து மீண்டும் தொலைவுக்கு ஓடியது. வியூஃபைண்டர் முழுக்கப் பாசிப்பச்சைக் கலங்கல். அது தெளிவதற்குள் பறவை நீரில் இறங்கிவிட்டது. அதன் பிறகு லென்ஸின் பக்கவாட்டிலுள்ள ஸ்விட்சை, 8.5 மீட்டருக்கு உட்பட்ட தூரத்தில் ஃபோகஸ் தேடாதபடி, 8.5 மீட்டர் முதல் என்ற நிலையிலேயே வைத்து, வளையத்தைக் கையால் திருப்பி ஏறத்தாழ பறவை இருக்கும் தூரத்துக்குக் கொண்டுவந்த பின்பே பொத்தானை அழுத்துகிறேன். அலைச்சலில் பெரும்பகுதி இதனாலேயே தீர்ந்தது.

ஃபோகஸ் பிடித்தும் படம் மங்கலாக வந்தால் காரணம் வேறாக இருக்கலாம். ஏபிஎஸ்-சி (சிறிய சென்சார் கொண்ட) கேமராவில் 560 மி.மீ. எஃப்/8 என்றால், 10 மீட்டர் தூரத்தில் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 10 செ.மீ. மட்டுமே, கண்ணில் விழ வேண்டிய ஃபோகஸ் இறகில் விழுந்தால் பறவையின் கண் மங்கிவிடும். ட்ரைபாடில் கேமராவைப் பொருத்தி, 15 மீட்டர் தள்ளி அச்செழுத்துள்ள ஒரு அட்டையை நிறுத்தி, வியூஃபைண்டர் வழியாக ஒரு படமும், லைவ் வியூவில் (பின்திரையில் பார்த்தபடி) 10 மடங்கு பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்து ஒரு படமும் எடுத்துப் பாருங்கள். இரண்டாவது மட்டும் தெளிவாக இருந்தால், மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் (ஃபோகஸ் சற்று முன்னோ பின்னோ விழுவதைத் திருத்தும் வசதி) உள்ள கேமராவில் எக்ஸ்டெண்டர் மாட்டிய நிலையிலேயே அளவைத் திருத்த வேண்டும். தனி லென்ஸுக்கு வைத்த திருத்தம் இந்த இணைக்குச் செல்லாது. இரண்டும் மங்கல் என்றால் அப்போது பழுதுபார்ப்பவரைத் தேடலாம். அட்டை தெளிவாகவும் ஏரியின் நடுவிலுள்ள பறவை மட்டும் குழைந்தும் தெரிந்தால் அது கானல். வெயில் ஏறிய பிறகு எந்த லென்ஸாலும் அதை ஊடுருவ முடியாது, விடியற்காலையிலேயே போய்விடுவது நல்லது.

அடுத்து 2 மடங்கு எக்ஸ்டெண்டர் வாங்கும் எண்ணம் இருப்பதாகவும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். இந்த லென்ஸில் அது எஃப்/11 ஆகிவிடும். கேனான், நிக்கான் டிஎஸ்எல்ஆர்களில் வியூஃபைண்டர் வழியான ஃபோகஸுக்கு எஃப்/8 தான் எல்லை. நானாக இருந்தால் 1.4-ஐயும் பையில் வைத்துவிட்டு, 400-இல் எடுத்த படத்தை வெட்டிக்கொள்வேன்.