தீவுக்கு எந்த மாதம் போகலாம்?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கடல் கேட்கிறவை. ஆத்தங்குடிக் கல் பதித்த வளவில் மதியம் படுத்தாலும் வேர்க்கிற வெயிலில் ஆசை வருவது நியாயம்தான். முடிந்த அளவுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஆச்சி, மே கடைசி வாரத்தில் அந்தமானுக்குப் பாதி விலையில் ஐந்து நாள் பேக்கேஜ் தருகிறேன் என்கிறார் ஒரு ஏஜென்ட். இரண்டு பிள்ளைகள், எட்டு வயதும் பதினொன்றும். பாலி போகலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். எதற்குப் போவது? – ஒரு வாசகி, காரைக்குடி

பாதி விலை ஏன் என்று அந்த ஏஜென்டிடம் கேட்டீர்களா ஆத்தா? தென்மேற்குப் பருவமழை கேரளத்துக்கு ஜூன் முதல் தேதியை ஒட்டித்தான் வரும். ஆனால் அது முதலில் கால் வைக்கிற இடம் அந்தமான். மே இருபது வாக்கிலேயே அங்கே மழை பிடித்துக்கொள்ளும். மழை பெய்தால் ரூமில் உட்காரலாம், அது பெரிய விஷயம் இல்லை. படகு நின்றுவிடுமே, அதுதான் வம்பு. போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் அதற்குப் பேர் ஸ்ரீ விஜயபுரம்) ஹேவ்லாக் தீவுக்கும் நீல் தீவுக்கும் கடல் வழியாகத்தான் போகணும். கடல் கொந்தளித்தால் கப்பலை ரத்து செய்துவிடுவார்கள். ஹேவ்லாக்கில் மாட்டிக்கொண்டு, இந்தப் பக்கம் சென்னை விமானத்தைக் கோட்டை விட்டால், பாதி விலையில் மிச்சம் பிடித்தது அங்கேயே கரைந்துவிடும்.

எனக்கு இது பட்டுத் தெரிந்தது. சில வருஷங்களுக்கு முன்னால் நவம்பரில் எங்க வீட்டுச் செட்டியாரும் நானும் தாய்லாந்து போனோம். "நவம்பரில் சீசன் ஆரம்பம் ஆச்சி" என்று சொல்லித்தான் டிக்கெட் போட்டுக் கொடுத்தார் ஒருவர். அவர் சொன்னது பொய் இல்லை. புக்கெட்டுக்கு நவம்பரில்தான் சீசன் தொடங்கும். எங்களை அனுப்பியது கோ சமூயிக்கு! இரண்டும் ஒரே நிலத்துண்டின் இரண்டு பக்கம். மேற்கே அந்தமான் கடலைப் பார்த்த புக்கெட்டில் மே முதல் அக்டோபர் வரை மழை. கிழக்கே தாய்லாந்து வளைகுடாவில் இருக்கிற சமூயிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை, நம்ம ஊர் ஐப்பசி கார்த்திகை மாதிரியே, வடகிழக்குக் காற்றில் கொட்டும். ஐந்து நாளும் கொட்டியது. நான் கொண்டுபோன தேன்குழல் இரண்டாம் நாளே நமத்துப்போய் ரப்பர் மாதிரி இழுபட்டது. துவைத்துப் போட்ட துண்டு ஊருக்குத் திரும்பிய பிறகுதான் காய்ந்தது. ஓட்டல் திண்ணையில் உட்கார்ந்து தாயம் விளையாடினோம். செட்டியார் ஜெயித்துக்கொண்டே இருந்தார், அது வேறு எரிச்சல்.

அன்றிலிருந்து யார் தீவு என்றாலும் நான் முதலில் கேட்பது மாதம்தான். எந்த மாதம், அந்தக் கரை எந்தக் காற்றைப் பார்த்து நிற்கிறது, இவ்வளவுதான். விலை, ஓட்டல், சாப்பாடு எல்லாம் அப்புறம். கடல் கடந்து வியாபாரத்துக்கு, கொண்டுவிக்கப் போன நம்ம ஐயாக்களும் காற்றைப் பார்த்துத்தானே கப்பல் ஏறினார்கள்? நமக்கு விமானம் வந்ததும் அது மறந்துபோச்சு.

இப்போது உங்கள் மே மாதத்துக்கு வருவோம். பூமத்திய ரேகைக்கு வடக்கே இருக்கிற அந்தமான், புக்கெட், மாலத்தீவின் பெரும்பகுதி எல்லாம் அப்போது மழைக்குள் போகிறவை. பாலி தெற்கே இருக்கிறது. அங்கே ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். அதனால் உங்கள் வீட்டுக்காரர் சொன்னதே சரி, இந்த ஒரு தடவை விட்டுக்கொடுங்கள்.

பாலியில் பிள்ளைகளோடு தங்க நான் சொல்வது சனூர். கிழக்குக் கரை, வெளியே பவளத்திட்டு அலையை உடைத்துவிடுவதால் உள்ளே தண்ணீர் கண்மாய் மாதிரி கிடக்கும். எல்லோரும் குட்டா குட்டா என்பார்கள். அங்கே அலை பெரிது, இழுப்பு அதிகம், அலைப்பலகை விளையாட்டுக்காரர்களுக்கு ஆன இடம். திருச்சியில் ஏறி கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ மாறிப் போகலாம். இறங்கியதும் விசாவுக்கு ஐந்து லட்சம் ரூபியா கேட்பார்கள். மயக்கம் போட வேண்டாம், நம்ம காசுக்கு மூவாயிரத்தை ஒட்டி வரும். 2024 பிப்ரவரியிலிருந்து பாலிக்கென்று தனியாக ஒன்றரை லட்சம் ரூபியா சுற்றுலா வரியும் உண்டு. நீங்கள் சைவம் என்றால் "தெராசி வேண்டாம்" என்று சொல்லப் பழகுங்கள். அது இறால் விழுது. காய்கறிப் பொரியலில்கூடப் போட்டுவிடுவார்கள், கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்குத்தான் தெரியும்.

அந்தமானை விட்டுவிடாதீர்கள். தை, மாசியில் போங்கள். அங்கே நம்ம கடிகார நேரம்தான், ஆனால் இடம் ரொம்பக் கிழக்கு. குளிர்காலத்தில் மாலை ஐந்தேகால் வாக்கிலேயே பொழுது சாய்ந்துவிடும். ஹேவ்லாக்கில் ராதாநகர் கடற்கரைக்கு ஐந்து மணிக்குமேல் போகலாம் என்று மதியம் தூங்கினால் இருட்டில்தான் கால் நனைக்கணும்.

தையில் எனக்குக் கல்யாணம். மாலத்தீவுக்குத் தேனிலவு போக ஆசை. பட்ஜெட் கொஞ்சம்தான். முடியுமா ஆச்சி? – புது மாப்பிள்ளை, தேவகோட்டை

மாதம் சரியாகப் பிடித்தீர்கள் தம்பி. ஜனவரி முதல் ஏப்ரல் வரை அங்கே மழை குறைந்த காலம். அதனாலேயே விலையும் ஏறித்தான் இருக்கும்.

மாலத்தீவில் இரண்டு உலகம் உண்டு. ஒன்று, தீவையே வளைத்துப் போட்ட ரிசார்ட். இன்னொன்று, ஊர்க்காரர்கள் வாழ்கிற தீவில் விருந்தினர் இல்லம். 2009க்குப் பிறகுதான் இரண்டாவதைப் பெரிய அளவில் அனுமதித்தார்கள். மாஃபுஷி மாதிரி ஊர்த்தீவில் தங்கினால் தலைநகர் மாலேயிலிருந்து அதிவேகப் படகில் முக்கால் மணிக்குள் போய்விடலாம், செலவு பல மடங்கு குறையும். இரண்டு நாள் ஊர்த்தீவு, ஒரு நாள் பகலுக்கு மட்டும் ரிசார்ட் என்று வைத்துக்கொள்ளலாம். ஊர்த்தீவில் மது கிடையாது, நீச்சல் உடைக்குத் தனிக் கடற்கரை ஒதுக்கியிருப்பார்கள், ஊருக்குள் உடம்பை மூடி நடக்கணும். நம்ம பிள்ளைகளுக்கு இதில் கஷ்டம் ஒன்றும் இல்லை.

ரிசார்ட்டே வேண்டும் என்றால் அறை வாடகையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். தூரத்து ரிசார்ட்டுக்குக் கடல்விமானத்தில்தான் போகணும். ஆளுக்குச் சில நூறு டாலர். அது பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். நீங்கள் மாலேயில் சாயங்காலம் இறங்கினால் அன்று ராத்திரி மாலேயில் ஒரு அறைக்கும் தண்டம் கட்டி, மறுநாள் காலையில்தான் போகமுடியும். ரிசார்ட் வாடகையோ அன்றைக்கே ஓட ஆரம்பித்திருக்கும். காலை விமானத்தில் இறங்குங்கள்.

இன்னொன்று. பொண்ணு வீட்டு ஆத்தா பாசத்தில் பெட்டிக்குள் குட்டிப் பிள்ளையார் வைத்து அனுப்புவார். எடுத்து வீட்டிலேயே வைத்துவிடுங்கள். வழிபாட்டுச் சிலைகளை அந்த நாட்டுக்குள் கொண்டுபோகத் தடை. மதுவுக்கும் பன்றி இறைச்சிக்கும் அதே கதைதான். கிளம்புவதற்கு முந்தைய நாலு நாளுக்குள் இணையத்தில் ஒரு பயணப் படிவம் நிரப்பணும், காசு இல்லை. யாராவது அதற்குக் கட்டணம் கேட்டால் அது போலித் தளம்.

அசைவம் சாப்பிடுவீர்கள் என்றால் காலையில் மாஸ் ஹுனி கேளுங்கள். சூரையோடு தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய் பிசைந்து ரொட்டியோடு தருவார்கள். நம்ம பக்கத்துக் கடைகளில் கட்டை மாதிரி கிடக்கிற மாசிக் கருவாட்டுக்கு அதுதான் தாய்வீடு.

எங்க ஆத்தாவுக்கு 74 வயது, முழங்கால் வலி. பினாங்குக் கோயிலைப் பார்க்கணும், கடலும் பார்க்கணும் என்கிறார். கூட்டிப் போகலாமா? – பள்ளத்தூர் வாசகி

தாராளமாக. நகரத்தார் 1857இல் கட்டிய தண்ணீர்மலைத் தண்டாயுதபாணி கோயில் தரையில்தான் இருக்கிறது. மேலே 513 படி ஏறிப் பார்க்கிற கோயில் தனி, அதைக் கீழேயிருந்து கும்பிட்டுக்கொள்ளட்டும். உள்ளே போனதும் உங்கள் ஆத்தா ஒன்றும் பேசமாட்டார் பாருங்கள். தூணும் தரையும் விதானமும் நம்ம வீட்டு வளவுக்குள் நிற்கிற மாதிரி இருக்கும். எங்க ஐயா கிட்டங்கியில் (வெளிநாட்டில் நகரத்தார் தங்கிக் கடை நடத்திய இடம்) இருந்த காலத்தைக் கேட்டு வளர்ந்தவள் நான். முதல் தடவை அங்கே போய் ஒரு தூணைத் தொட்டுக்கொண்டு பத்து நிமிஷம் நின்றேன்.

கடல் விஷயத்தில் மட்டும் பினாங்கை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பத்து பெரிங்கி கடற்கரை சாயங்காலம் நடக்கவும் இரவுக்கடை பார்க்கவும் நல்லது. தண்ணீர் கலங்கல், சொறிமீனும் வரும். நல்ல கடலுக்கு லங்காவி போங்கள், விமானத்தில் அரை மணி சொச்சம். சினாங் கரையில் தண்ணீரை ஒட்டின ஈர மணல்தான் கம்பு ஊன்றி நடக்கிறவர்களுக்குத் தோது. கரையை ஒட்டிய அறையாக, தரைத்தளமாகக் கேட்டு வாங்குங்கள். தைப்பூசத்தை ஒட்டிப் போனால் மழையும் இருக்காது, வெள்ளி ரதமும் பார்த்துவிடலாம். ஆனால் அன்றைய கூட்டத்தில் சக்கர நாற்காலி நகராது. ரதத்தை முதல் நாள் தெருவில் பார்த்துவிட்டு, கோயிலுக்கு இரண்டு நாள் கழித்துப் போங்கள். 2023 டிசம்பரிலிருந்து நமக்கு மலேசிய விசா தேவையில்லை என்று வைத்திருக்கிறார்கள். டிக்கெட் போடும்போது அது அப்போதும் நடப்பில் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்டில் இலங்கை போகலாமா? தெற்கே மழை என்கிறார்களே. – வாசகர், கண்டனூர்

தெற்கும் மேற்கும் அப்போது வேண்டாம், கிழக்கே போங்கள். திருகோணமலைக்குப் பக்கத்தில் நிலாவெளி. மே முதல் செப்டம்பர் வரை அங்கே கடல் கண்ணாடி. அங்கிருந்து புறாத் தீவுக்குப் படகு. கோணேசரையும் பார்த்துவிடலாம். மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம் உண்டு. கொழும்பில் ஒரு வேளை நின்றால் செட்டியார் தெருவில் கதிரேசன் கோயிலைக் கும்பிட்டுவிட்டுப் போங்கள்.

பேரனுக்கு ஒன்பது வயது. ஊருணியில் மீன் மாதிரி நீந்துவான். கடலுக்கு அது போதாதா? – கோட்டையூர் வாசகர்

போதாது அண்ணே. ஊருணித் தண்ணீர் நிற்கிற தண்ணீர். ஆழம் மட்டும்தான் அங்கே எதிரி. கடலில் தண்ணீர் நடக்கும்.

கரையில் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். அலை நீளத்துக்கும் வெள்ளையாக உடைந்து வரும். நடுவில் ஓரிடத்தில் மட்டும், ஒரு தெரு அகலத்துக்கு, அலை உடையாமல், கொஞ்சம் கலங்கலாக, சாதுவாக இருக்கும். பிள்ளைகள் அங்கேதான் இறங்க ஓடும், அலை இல்லையே என்று. அலைகள் கரைக்குக் கொண்டுவந்த தண்ணீர் அத்தனையும் திரும்பிப் போகிற வாய்க்கால் அது. காலை வாரி வெளியே கொண்டுபோகும். கீழே இழுக்காது, உள்ளே இழுக்கும். கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டால் நல்ல நீச்சல்காரனும் களைத்துத்தான் மூழ்குவான். கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நீந்தணும். அந்த வாய்க்காலை விட்டு வெளியே வந்ததும் அலையே கரையில் கொண்டுவந்து போட்டுவிடும். முடியவில்லையா, மல்லாந்து மிதந்து கையைத் தூக்கிக் காட்டணும். இதை ஊருணியிலேயே பழக்குங்கள், குறுக்கே நீந்துவதும் மல்லாந்து கிடப்பதும். சிவப்புக் கொடி கட்டியிருந்தால் முழங்கால் வரைக்கும்கூட விடாதீர்கள். அழட்டும்.

எல்லாம் வெளிநாடாகவே சொல்கிறீர்களே. ஒரு நாளில் போய்த் திரும்ப ஏதாவது? – கானாடுகாத்தான் வாசகி

தொண்டிக்குப் பக்கத்தில் காரங்காடு. அலையாத்திக் காட்டுக்குள் படகில் கூட்டிப் போவார்கள், ஊர் மக்களும் வனத்துறையும் சேர்ந்து நடத்துவது. காலை வெயில் ஏறுமுன் போகணும். தனுஷ்கோடி பார்க்க மட்டும், குளிக்க வேண்டாம்.

ஆச்சி, அந்தமான் போகிறோம். சிப்பி, பவளம் எல்லாம் பொறுக்கிட்டு வரலாமா? – ஐந்தாம் வகுப்பு மாணவி, புதுவயல்

பொறுக்கிப் பார், கையில் வைத்துப் படம் எடுத்துக்கொள், அங்கேயே போட்டுவிடு கண்ணு. 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தில் புலி இருக்கிற அதே பட்டியலில் பவளப்பாறையும் இருக்கிறது. செத்த துண்டாக இருந்தாலும் விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து எடுத்துக்கொள்வார்கள், அப்பாவுக்கு அபராதமும் போடுவார்கள். சங்குதான் வேணும் என்றால் உன் அப்பத்தாவிடம் கேள். இரண்டாம் கட்டில் பழைய மரப்பெட்டி எதிலாவது, ஐயா காலத்துப் பித்தளைச் சாமானுக்கு அடியில் ஒன்று கிடக்கும்.