நாயகன் சிறையில், படம் திரையில்: கேள்வி பதில்

நடிகர், பாடகர்களின் சொந்த நடத்தைக்காக அவர்கள் கலையை ஒதுக்க வேண்டுமா? தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத் தமிழ் ரசிகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, ஓய்வுபெற்ற தமிழாசிரியரும் பழைய படப் பிரியருமான நம் மூத்த உறுப்பினர் பதில் சொல்கிறார்.

சாட்ஸ்வொர்த் இல்லத்தரசி: ஐயா, கொலை வழக்கில் சிக்கிய நடிகரின் படத்தைப் பார்ப்பது தவறா?

நேற்று முளைத்த கேள்வி இல்லை அம்மா இது. 1944 தீபாவளிக்கு எம்.கே. தியாகராஜ பாகவதர் நாயகனாக நடித்த ‘ஹரிதாஸ்’ வெளியானது. அடுத்த மாதமே, சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை எழுதிப் பிழைத்த லட்சுமிகாந்தன் சென்னையில் கத்திக்குத்துப்பட்டு இறந்தார். பாகவதரும் ‘கலைவாணர்’ என்.எஸ். கிருஷ்ணனும் அந்தக் கொலை வழக்கில் கைதாகி, 1945இல் தண்டனையும் பெற்றார்கள். நாயகன் சிறையில் இருக்க, படமோ சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது!

1947இல், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வழக்கைத் திருப்பி அனுப்பியது. சென்னை உயர் நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. பிறகு நடந்ததுதான் வேடிக்கை. கலைவாணர் மறுபடி சிரிக்க வைத்துக் கொடிகட்டிப் பறந்தார். பாகவதர் பழைய உயரத்துக்குத் திரும்பவே இல்லை. ஒரே வழக்கு, ஒரே விடுதலை! ரசிகர் கூட்டத்தின் தீர்ப்பை நியாயத்தின் தீர்ப்பு என்று எண்ணி ஏமாற வேண்டாம்.

ஃபீனிக்ஸ் வாசகர்: குற்றம் நிரூபணமாகிவிட்டால்?

1967 ஜனவரி 12 அன்று எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார். நிரூபணமானது, சிறை சென்றார். ஆனாலும் ‘ரத்தக்கண்ணீர்’ படத்தில் அவர் குரலைக் கீச்சென்று ஏற்றி, சட்டென்று அடித்தொண்டைக்கு இறக்கிக் குத்தலாகப் பேசும்போது இன்றும் வாய்விட்டுச் சிரிக்கிறேன். குண்டடிக்குப் பிந்தைய படங்களில் எம்.ஜி.ஆரின் குழறும் குரலைக் கேட்டால் மனம் கனக்கிறது. இரண்டுக்கும் மனதில் இடம் உண்டு. தண்டனை முடிந்து, இருவரும் மறைந்தும் போனார்கள். என் சிரிப்பால் யாருக்கும் நஷ்டமில்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாணவர்: அப்படியானால் புறக்கணிப்பே கூடாதா தாத்தா?

இந்த மண்ணில் நின்று அப்படிச் சொல்ல எனக்கு நாக்கு எழாது தம்பி. நிறவெறி ஆட்சியில் கலைஞர்கள் இங்கே வந்து பாடக் கூடாது என்று 1980இல் ஐ.நா. பொதுச்சபை கேட்டுக்கொண்டது. மீறி வந்து 1984இல் சன் சிட்டி உல்லாச விடுதியில் பாடிய க்வீன் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவுக்கு, பிரிட்டன் இசைக்கலைஞர் சங்கம் அபராதம் விதித்தது. அவர்கள் பாட்டு மட்டமானது என்று யாரும் சொல்லவில்லை. இந்த ஆட்சிக்கு மேடையேறி மதிப்புத் தேடித் தராதே என்பதுதான் பேச்சு. நிறவெறி விழுந்ததும் புறக்கணிப்பும் முடிந்தது. 2003இல் மண்டேலாவின் எய்ட்ஸ் நிதி நிகழ்ச்சிக்காக அதே குழுவின் பிரையன் மே கேப்டவுன் மேடையில் கிட்டார் வாசித்தார். இன்று கைபேசியில் கிளம்பும் புறக்கணிப்புகளுக்கு எதைச் சாதித்தால் முடியும் என்ற கணக்கே இருப்பதில்லை.

கோயில் குழு உறுப்பினர்: தைப்பூசக் காவடிக்கு ஒரு பாடகரை அழைக்க இருக்கிறோம். பெண்கள் சிலர் அவர்மீது புகார் சொல்லியிருக்கிறார்கள், வழக்கு முடியவில்லை.

அழைக்காதீர்கள். ஒருவரைக் குற்றவாளி என்று சொல்லத்தான் தீர்ப்பு வேண்டும். பொன்னாடை போர்த்தாமல் இருக்கத் தீர்ப்பு எதற்கு? அன்று மேடைக்குப் பின்னால் சலங்கை கட்டிக்கொண்டு நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் நிற்பார்கள். புகார் சொன்னவர்களில் ஒருத்தி நம் ஊர்ப் பெண்ணாக இருந்தால் அந்த மாலையை யார் கையால் போடுவீர்கள்? முருகன் பாட்டுப் பாட வேறு ஆளா இல்லை?

டொங்காட் வாசகர்: மூன்று திருமணம் செய்த நடிகர்?

அது அவர் வீட்டு விவகாரம். படத்தைப் பாருங்கள்.

சாட்ஸ்வொர்த் இளம்பெண்: புகாருக்கு ஆளான பாடகரின் பழைய பாட்டு என்றால் எனக்கு உயிர். கேட்கலாமா ஐயா?

கேளுங்கள். அந்தப் பாட்டில் வயலின்காரரும் தபேலாக்காரரும் கூடத்தான் உழைத்திருக்கிறார்கள். கேட்கும்போது வயிற்றைப் புரட்டினால் நிறுத்திவிடுங்கள்; யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. நாளை அவர் டர்பனுக்குக் கச்சேரி செய்ய வந்தால் மட்டும் டிக்கெட் வாங்காதீர்கள்.