பழனி வழியாகக் கொடைக்கானல்: இன்சுலின், இழுப்பு, வாந்தியோடு ஒரு கோடைப் பயணம்

கேள்வி: மே இரண்டாவது வாரம் குடும்பத்தோடு காரில் கொடைக்கானல் போகிறோம். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டு, பழனியில் முருகனைத் தரிசித்துவிட்டு, அங்கிருந்தே மலைப்பாதையில் ஏறி இரண்டு நாள் தங்கலாம், திரும்பும்போது கும்பக்கரை அருவியில் குளிக்கலாம் என்பது திட்டம். மாமியாருக்கு 67 வயது. சர்க்கரை நோய்க்குக் காலையும் இரவும் இன்சுலின் போடுகிறார். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையும் உண்டு. பாதங்களில் மதமதப்பு இருக்கிறது. சாமி கும்பிடும் வரை பல்லில் தண்ணீர் படக்கூடாது என்பார். ஒன்பது வயது மகனுக்கு ஆஸ்துமா இழுப்பு. நான்கு வயது மகள் மலைப்பாதை என்றாலே வாந்தி எடுப்பாள். அந்தக் குளிருக்கும் உயரத்துக்கும் இவர்களை அழைத்துப்போகலாமா? என்னென்ன மருந்துகளைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்?
– ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: தாராளமாக அழைத்துப்போகலாம். உயரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரத்தால் வரும் மூச்சுத்திணறலும் தலைவலியும் பொதுவாக 2,500 மீட்டரைத் தாண்டிய பிறகுதான் தொல்லை கொடுக்கும். லே, கேதார்நாத் போகிறவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் அது. மே மாதக் குளிரும் ஒரு ஸ்வெட்டருக்குள் அடங்கிவிடும்.

எனக்குக் கவலை தருவது உங்கள் திட்டத்தில் இருக்கும் நேரக் கணக்குதான். ஏழு மணிக்குப் புறப்பட்டால் பழனி அடிவாரம் வர எப்படியும் பதினொன்று ஆகிவிடும். கத்திரி வெயிலின் நடுவில், உச்சி வேளையில், வெறும் வயிற்றோடும் மரத்த பாதங்களோடும் கல் தரையில் வெறுங்காலில் நடக்கப்போகிறார் உங்கள் மாமியார். அதற்குப் பிறகு மதியச் சாப்பாட்டை வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறப்போகிறாள் உங்கள் மகள். மலைக்கு மேலே இருக்கும் ஆபத்தைவிட, மலை ஏறுவதற்கு முன்பே நீங்கள் கூட்டிவைத்திருக்கும் ஆபத்து அதிகம்.

விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்படுங்கள். ஏழரை, எட்டுக்குள் பழனி வந்துவிடலாம். படி ஏற வேண்டாம். விஞ்ச் (இழுவை ரயில்) அல்லது ரோப் கார் எது ஓடுகிறதோ அதில் மேலே போய், வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலின் விஷயத்தில் ஒரே விதிதான்: ஊசி போட்டால் சாப்பிட வேண்டும், சாப்பாடு எப்போது என்று தெரியவில்லையென்றால் ஊசியும் காத்திருக்க வேண்டும். வீட்டில் போடும் பழக்கத்தில் காலையிலேயே ஊசியைப் போட்டுக்கொண்டு தரிசன வரிசையில் இரண்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு நின்றால், சர்க்கரை சரசரவென்று இறங்கும். அப்போது வரும் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, காரணமில்லாத எரிச்சல் எல்லாவற்றையும் சுற்றி இருப்பவர்கள் "வெயில் ஒத்துக்கொள்ளவில்லை" என்று நினைத்து விசிறிக்கொண்டிருப்பார்கள். வரிசைக்குள் போகும் முன் குளுக்கோமீட்டரில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அளவு 70-க்குக் கீழே இருந்தால், அல்லது பார்க்க வழியில்லாமல் இந்த அறிகுறிகள் தெரிந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸ் பொடியோ தண்ணீரில் கலந்து உடனே கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் மீண்டும் அதே அளவு. ஏறியதும் இரண்டு பிஸ்கட்டோ இட்லியோ சாப்பிடவையுங்கள். நினைவு தப்பியவருக்கு மட்டும் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும்.

தரிசனத்துக்குப் பிறகுதான் சாப்பாடு என்று அவர் பிடிவாதமாக இருந்தால், சாப்பாட்டுக்கு முந்தைய ஊசியையும் தரிசனம் முடிந்து டிபனுக்கு உட்காரும் வேளைக்குத் தள்ளிவையுங்கள். ஓரிரு மணி நேரம் தாமதமாவதால் பெரிய கேடு வராது. சர்க்கரை மாத்திரையும் சேர்த்து எடுக்கிறார் என்றால், அதை எந்த நேரத்துக்கு மாற்றுவது என்று அவருடைய மருத்துவரிடம் புறப்படும் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மற்றபடி, இன்சுலின் போடும் உடம்புக்கு விரதம் கிடையாது என்று சொல்லிப்பாருங்கள். மருமகள் சொன்னால் எடுபடாது என்றால், மருத்துவர் சொன்னார் என்று பழியை என் தலையில் போட்டுவிடுங்கள்.

அடுத்தது பாதம். மதமதப்பு உள்ள காலுக்குச் சூடு தெரியாது. கல் தரையில் நடக்கும்போது நாம் துள்ளி ஓடுவோம், அவர் நிதானமாக நடந்து வருவார். இரவு அறைக்கு வந்து காலைக் கழுவும்போதுதான் கொப்புளம் கண்ணில் படும். சர்க்கரை நோயாளியின் காலில் அந்தக் கொப்புளம் ஆற வாரங்கள் ஆகலாம், சிலருக்கு விரலையே எடுக்க வேண்டிய நிலையும் வரும். தடித்த பருத்தி சாக்ஸ் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். விரிப்பு போட்டிருக்கும் வழியில் மட்டும் அழைத்துச் செல்லுங்கள். அன்று இரவு அவருடைய இரண்டு உள்ளங்கால்களையும் நீங்களோ உங்கள் கணவரோ வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். அதே பாதத்துக்குக் கொடைக்கானல் குளிரில் வெந்நீர்ப் பை வைக்கவும் கூடாது. சுடுகல் செய்யும் வேலையை வெந்நீர்ப் பையும் செய்யும்.

தரிசனத்துக்குப் போகும்போது மருந்துப் பையைக் காரில் விட்டுவிடாதீர்கள். வெயிலில் நிற்கும் மூடிய கார் பத்தே நிமிடத்தில் ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ் சூடேறும். கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கி வைப்பதால் அது பெரிதாகக் குறையாது. இன்சுலின், குளுக்கோமீட்டரின் பரிசோதனைப் பட்டைகள், மகனின் இன்ஹேலர் மூன்றும் அந்தச் சூட்டில் கெட்டுவிடும். தூங்கும் குழந்தையை எழுப்ப மனமில்லாமல் "இதோ வந்துவிடுகிறேன்" என்று காரிலேயே விட்டுப்போகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு நிமிடம்கூட வேண்டாம்.

பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் பேனா அல்லது குப்பி 30 டிகிரிக்குக் கீழே பெரும்பாலும் நான்கு வாரம் வரை தாங்கும். உங்கள் மருந்துக்கு எத்தனை நாள் என்பதை உறையிலேயே போட்டிருப்பார்கள். வழியில் சிறிய தெர்மோஸ் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஐஸ் கட்டியை மட்டும் நேரடியாக ஒட்டி வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் வேலை செய்யாது, உருகிய பிறகும் குப்பைக்குத்தான். கொடைக்கானல் அறையில் ஃபிரிட்ஜ் இல்லையே என்று தவிக்க வேண்டாம், அந்த ஊர் அறையே போதுமான குளிர்ச்சி.

வெயிலில் எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். நம் வீட்டுப் பெண்கள் பயணத்தில் ஏன் குடிப்பதில்லை என்பதை யாரும் கேட்பதில்லை. வழியில் நல்ல கழிப்பறை கிடைக்காது என்ற பயத்தில் முந்தின இரவிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். உங்கள் மாமியாரின் ரத்த அழுத்த மாத்திரையில் ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் போன்ற நீர் பிரியவைக்கும் மருந்து சேர்ந்திருந்தால், இந்தத் தாகம் தலைச்சுற்றலில் போய் முடியும். ஆகவே இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எங்கே நிறுத்துவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள், அதை அவரிடமும் சொல்லிவிடுங்கள். தண்ணீர் தானாக இறங்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆனால் வழியில் கடுமையான வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால், நீர் பிரியவைக்கும் மருந்தையும், டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரையையும் சிறிது காலம் நிறுத்த வேண்டியிருக்கலாம். உடனே மருத்துவரைத் தொலைபேசியில் கேளுங்கள்.

உப்புச் சர்க்கரைக் கரைசல் (ஓஆர்எஸ்) பொட்டலம் நான்கைந்து வைத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று உறையில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 20.5 கிராம் பொட்டலத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர், கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். பழச்சுவையோடு அட்டைப் பெட்டியில் வரும் பானங்கள் அந்தக் கலவை அல்ல, அவற்றில் சர்க்கரை மிக அதிகம். அந்தக் கலவைக்குப் பொருந்தாத பானங்கள் ஓஆர்எஸ் என்ற பெயரைத் தாங்கி வரக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. சும்மா வியர்த்ததற்கு இந்தக் கரைசல் தேவையில்லை. தண்ணீரும் உப்புப் போட்ட நீர்மோரும் போதும்.

வெயிலில் ஒருவர் உளறினாலோ, தள்ளாடினாலோ, உடம்பு அனலாகக் கொதித்தாலோ அது வெப்பத்தாக்கு. பாரசிட்டமால் அதற்குப் பயன்படாது. நிழலுக்குத் தூக்கிச்சென்று, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை ஊற்றுவதை நிறுத்தாதீர்கள்.

இனி மகள். உள்காது "நாம் திரும்புகிறோம்" என்கிறது, காருக்குள் பார்க்கும் கண் "நாம் அசையவே இல்லை" என்கிறது. இந்தக் குழப்பம்தான் வாந்தி. ஆகவே கையில் செல்போனைக் கொடுத்து அடக்கிவைப்பதுதான் இருப்பதிலேயே மோசமான வைத்தியம். முன்சீட்டில் மடியில் வைத்துக்கொள்ளவும் வேண்டாம், விபத்தில் முதல் அடி அந்தக் குழந்தைக்குத்தான். பின்சீட்டில் உயரமாக உட்காரவைக்கும் குழந்தை இருக்கையில் பெல்ட் போட்டு, முன்கண்ணாடி வழியாகத் தொலைவில் இருக்கும் சாலையைப் பார்க்கவையுங்கள். பழனியில் இரண்டு இட்லி போதும், நெய்ப் பொங்கலும் வடையும் வேண்டாம். பலர் கையோடு வைத்திருக்கும் ஒண்டான்செட்ரான் சிரப் வயிற்றுக் கோளாறால் வரும் வாந்தியை நிறுத்தும், பயண வாந்திக்குப் பெரும்பாலும் உதவாது. இதற்கு ஏற்றது புரோமெத்தசின் போன்ற மருந்து. இரண்டு வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது. உங்கள் மகளுக்கு அவளுடைய எடைக்கேற்ற அளவைக் குழந்தை மருத்துவரிடம் கேட்டு, மலை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு கொடுக்கலாம். தூக்கம் வரும். சில குழந்தைகளுக்கு நேர்மாறாக ஆட்டம் பிடிக்கும். அதனால் ஒரு வாரம் முன்பு வீட்டில் ஒருமுறை கொடுத்துப் பார்த்துவிடுங்கள். சளி மருந்தோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். எலுமிச்சம்பழத்தை முகர்வது பற்றிக் கேட்பீர்கள். முகரட்டும், கெடுதல் இல்லை.

மகன் தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலரை விடுமுறை என்று விட்டுவிடக்கூடாது. இழுப்பைத் தூண்டுவது குளிர்ந்த காற்று மட்டுமல்ல. விடுதிக் கம்பளியின் தூசி, ஏரிக்கரைக் குதிரையின் முடி, இரவில் மூட்டும் கேம்ப் ஃபயர் புகை எல்லாமே தூண்டும். வீட்டிலிருந்தே போர்வை எடுத்துப்போங்கள், புகைக்கு எதிர்த் திசையில் உட்காரவையுங்கள். இழுப்பு வந்தால் சால்பூட்டமால் இன்ஹேலரை ஸ்பேசர் என்ற குழாயில் பொருத்தி ஒரு அழுத்து, நான்கு மூச்சு. இப்படி நான்கு முறை. நான்கு நிமிடம் பொறுத்து மறுபடி நான்கு முறை. அதற்கும் அடங்கவில்லை, பேச முடியாமல் திணறுகிறான் என்றால், மருந்தைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே இருப்பேன். குளிருக்காகக் கரி அடுப்பையோ பார்பிக்யூ தட்டையோ அறைக்குள் கொண்டுவந்து கதவைச் சாத்தித் தூங்கி, காலையில் எழாமலே போனவர்கள் கொடைக்கானலிலேயே உண்டு. அணைந்ததுபோலத் தெரியும் கரியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டிருக்கும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, தூங்குகிறவரை அது இருமவைத்து எழுப்பாது. ஒரே அறையில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், மயக்கம் வந்தால் "மலை ஒத்துக்கொள்ளவில்லை" என்று படுக்காதீர்கள். எல்லாரையும் வெளியே கொண்டுவந்து, மருத்துவமனைக்குப் போங்கள். கேஸ் கெய்சரிலிருந்தும் இதே வாயு வரலாம், குளியலறைக்குள்ளேயே அதை மாட்டியிருக்கும் விடுதி என்றால் வேறு அறை கேளுங்கள்.

மலையில் வெயில் சுடாது, ஆனால் புற ஊதாக் கதிர் சமவெளியைவிட அதிகம். ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய பத்து சதவீதம் கூடும். தொப்பி போதும், முகத்துக்குச் சன்ஸ்கிரீன் இருந்தால் நல்லது. குரங்கின் முன் தின்பண்டப் பையைப் பிரிக்காதீர்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனையில் வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தொடங்குங்கள். குரங்குக்கு எதற்கு நாய்க்கடி ஊசி என்று கேட்காதீர்கள், ரேபிஸ் இரண்டிலிருந்தும் வரும்.

கும்பக்கரைக்கு வருவோம். அந்த அருவிக்குத் தண்ணீர் வருவது கொடைக்கானல் மலையிலிருந்து. கோடை மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் பிடிக்கும். மேலே கொட்டினால், கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். வனத்துறை குளிக்க அனுமதிக்கிறதா என்று கேட்டுவிட்டு, மதியத்துக்குள் குளித்துக் கிளம்பிவிடுங்கள். தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் சோப்பையும் துண்டையும் தேடாமல் கரையேறுங்கள். மலைமேல் மேகம் திரண்டிருந்தால் அன்று அருவி வேண்டாம், நேராக வீட்டுக்குப் போய்விடுங்கள்.

கொடைக்கானலுக்குள் வண்டியில் நுழைய இ-பாஸ் எடுத்திருப்பீர்கள், 2024 மே 7 முதல் அது கட்டாயம். இருந்தும் மே மாதத்தில் மலைப்பாதையில் வண்டிகள் மணிக்கணக்கில் நிற்பது உண்டு. அதனால் இன்சுலின், இன்ஹேலர், ஸ்பேசர், குளுக்கோஸ், பிஸ்கட், தண்ணீர் எல்லாம் டிக்கியில் இருக்கும் பெட்டியில் வேண்டாம். உங்கள் காலடியில் ஒரு பையில் இருக்கட்டும். மூன்று பேரின் மருந்துச்சீட்டுகளையும் செல்போனில் படம் எடுத்து, உங்கள் கணவரின் போனுக்கும் அனுப்பிவிடுங்கள்.