புத்தகத்தைக் கைமாற்றிப் பாருங்கள்: மேடை மேலாண்மையைக் கற்பிக்க ஒரு வழி

கேள்வி: பல்கலைக்கழக நாடகத் துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். நான் பயின்றது நடிப்பும் இயக்கமும். அடுத்த பருவத்தில் மேடை மேலாண்மை, தயாரிப்பு மேலாண்மை இரண்டும் சேர்ந்த தாளை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். 15 வாரம், 14 மாணவர்கள். பெரும்பாலோருக்கு நடிப்பில்தான் ஆசை. இந்தத் தாளை எடுபிடி வேலையாகப் பார்க்கிறார்கள். அதே பருவத்தில் மூத்த பேராசிரியர் ஒருவர் இயக்கும் துறை நாடகம் மேடையேறுகிறது. படிவங்களை விளக்கிவிட்டு அந்த நாடகத்தில் வேலை செய்யவிட்டால் போதுமா? மதிப்பெண் எப்படிப் போடுவது?

பதில்: போதாது. அப்படி இறக்கிவிட்டால், இயல்பிலேயே பொறுப்பான இரண்டு மூன்று பேர் எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுச் செய்வார்கள். மற்றவர்கள் நாற்காலி தூக்குவார்கள். நாடகமும் நன்றாகவே நடந்துவிடும். ஆனால் பொறுப்பானவர் வந்தபடியே திரும்பிப் போவார். மற்றவர்களுக்கு எடுபிடி வேலை என்ற நினைப்பு உறுதியாகிவிடும்.

மேடை மேலாளரின் வேலையை நான் ஒரே கேள்வியால் அளக்கிறேன். நாளை அவரால் வர முடியவில்லை என்றால், அவர் எழுதிவைத்ததைக் கொண்டு இன்னொருவர் நாடகத்தை நடத்த முடியுமா? முடியாது என்றால், எவ்வளவு ஓடியாடி உழைத்திருந்தாலும் அவர் வேலை இன்னும் முடியவில்லை. எல்லாம் அவர் தலைக்குள்ளேயே இருக்கிறது. தாள் முழுவதையும் இந்தக் கேள்வியைச் சுற்றி அமையுங்கள். பாடத்திட்டம், பயிற்சி, மதிப்பெண் மூன்றும் தானாகவே இடத்தில் உட்காரும்.

முதல் வகுப்பில் படிவங்களை எடுக்காதீர்கள். க்யூ கொடுக்க வையுங்கள், அதாவது விளக்கோ ஒலியோ மாற வேண்டிய நொடியை அதை இயக்கும் ஆபரேட்டருக்குக் குரலால் சொல்ல வையுங்கள். மூன்று நிமிட இசைத்துண்டு ஒன்று, நான்கு மேசை விளக்குகள், சுவிட்சில் கைவைத்து விளக்குகளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்த இரண்டு ஆபரேட்டர்கள். இசையின் குறிப்பிட்ட இடங்களில் விளக்கு எரிய வேண்டும், அணைய வேண்டும். மொத்தம் 12 க்யூ. க்யூ சொல்பவரின் குரலைத் தவிர ஆபரேட்டருக்கு வேறு துணை இல்லை. “லைட் 4, ஸ்டாண்ட்பை” என்றதும் அவர் “ஸ்டாண்ட்பை” என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் அவர் தயாராக இல்லை என்று பொருள். பிறகு, சரியான நொடியில், “லைட் 4, கோ.” ‘கோ’ எப்போதும் கடைசியாகத்தான் வர வேண்டும். “கோ, லைட் 4” என்று சொன்னால் எந்தச் சொல்லில் சுவிட்சைத் தட்டுவது என்று ஆபரேட்டர் திணறுவார். இதே காரணத்தால், க்யூவுக்குத் தவிர வேறெதற்கும் அந்தச் சொல்லை ஹெட்செட்டில் யாரும் உச்சரிக்கக்கூடாது.

முதல் சுற்றில் எல்லோரும் தாளம் விழும் அதே நொடியில் ‘கோ’ சொல்வார்கள். விளக்கு பின்தங்கி எரியும். காதில் விழுந்தது விரலுக்குப் போய்ச் சேர ஏறத்தாழ கால் விநாடி ஆகிறது. அதைக் கணக்கில் வைத்துச் சற்று முந்திச் சொல்ல வேண்டும் என்பதை நீங்கள் விளக்காதீர்கள், அவர்களே கண்டுபிடிக்கட்டும். மூன்றாவது சுற்றில் யாராவது ஒருவர் கண்டுபிடித்துவிடுவார், மற்றவர்கள் உடனே அதைப் பிடித்துக்கொள்வார்கள். அடுத்து, எட்டு விநாடியில் மெல்ல மங்கும் ஒரு விளக்கைக் கொடுத்து, அது இசையின் கடைசி ஒலியோடு அணைய வேண்டும் என்று சொல்லுங்கள். நடிப்பில் ஆசை உள்ள மாணவர்கள் இங்கேதான் நிமிர்ந்து உட்காருவார்கள். க்யூ சொல்பவரும் நாடகத்தின் லயத்துக்குள் இருந்துதான் சொல்கிறார், அவரும் அந்த இரவின் கலைஞர்களில் ஒருவர் என்பது அப்போது அவர்களுக்கு உடம்பில் ஏறும். பேசிப் புரியவைக்க முடியாத விஷயம் இது.

அதன் பிறகே ப்ராம்ப்ட் புக், அதாவது வசனம், அசைவு, க்யூ எல்லாம் ஒன்றாகக் குறித்துவைத்த மேடை மேலாளரின் புத்தகம். நாடகப் பிரதியை ஒருபக்கத் தாளாக அச்சிட்டு, எதிர்ப்பக்கத்தை அசைவுக் குறிப்புகளுக்கு விட்டுவிடச் சொல்லுங்கள். க்யூக்கள் வசனத்தின் ஓரத்தில், ஒரே பக்கமாக. வசனத்தின் எந்தச் சொல்லில் க்யூ விழுகிறதோ அந்தச் சொல்லுக்கே கோடு போய்ச் சேர வேண்டும். வரியைத் தொட்டால் போதாது. நடிகரின் அசைவைப் பார்த்துக் கொடுக்கும் க்யூ என்றால் “கை கதவின் பிடியைத் தொட்டதும்” என்று எழுத வேண்டும். “வெளியேறும்போது” என்று மட்டும் எழுதினால் அது எழுதியவருக்கு மட்டும்தான் விளங்கும். லைட்டுக்கு எண், சவுண்டுக்கு எழுத்து என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் ஒரே இடத்தில் வரும்போது குழப்பம் இருக்காது. 14க்கும் 15க்கும் நடுவே புதிதாக ஒன்று முளைத்தால் 14.5, மற்ற எண்களைக் கலைக்கவே கூடாது. விளக்கு, ஒலி, செட் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் தொழில்நுட்ப ஒத்திகை முடியும்வரை எல்லாம் பென்சிலில். மென்பொருளில் செய்யலாமா என்று கேட்பார்கள். முதல் புத்தகத்தைத் தாளில் செய்யட்டும், அடுத்ததை எதில் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும்.

ஒத்திகை அறிக்கைக்கு இரண்டு வகுப்பாவது ஒதுக்குங்கள். வெறும் எழுத்து வேலையாகத் தோன்றும். மேடை மேலாளரின் புத்தி வெளிப்படுவது இதில்தான். ஒத்திகையில் இயக்குநர் திடீரென்று, தாய் பாத்திரம் நாற்காலி மேல் ஏறி நின்று பேசட்டும் என்கிறார். ஒரு மாணவர் எழுதுகிறார்: “காட்சி 2இல் நாற்காலி பிரச்சினை. கவனிக்கவும்.” இதை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. சரியான அறிக்கை இப்படிப் போகும்: “காட்சி 2, பக்கம் 23. தாய் நாற்காலி மேல் ஏறி நின்று ஏறக்குறைய ஒரு நிமிடம் பேசுகிறார், இது புதிது. செட்: நாற்காலி ஆள் எடையைத் தாங்குமா, கால்கள் வழுக்குமா என்று பார்க்க வேண்டும். காஸ்ட்யூம்: ஏறும்போது உடையின் விளிம்பு காலில் சிக்குகிறது. லைட்: அவர் முகம் இப்போது வழக்கத்தைவிட அரை மீட்டர் உயரத்தில் இருக்கும். சவுண்ட்: குறிப்பு ஏதுமில்லை.” ஒரு சின்ன மாற்றம் மூன்று பேருடைய வேலையைத் தொடுகிறது என்று ஒத்திகை அறையிலேயே கண்டுகொள்வதுதான் திறமை. அந்த அறையில் இல்லாதவர் படிப்பதற்காகத்தான் அறிக்கை. அதனால் சொல்ல எதுவும் இல்லாத துறைக்கும் “ஏதுமில்லை” என்று எழுத வேண்டும். இல்லையென்றால் மறந்துவிட்டார்களோ என்று அவர் தொலைபேசியில் கூப்பிடுவார். குற்றம் சாட்டும் தொனியும் வேண்டாம். “நடிகர்கள் பொறுப்பில்லாமல் தாமதமாக வந்தார்கள்” என்பது அபிப்பிராயம். “6.00க்குத் தொடங்க வேண்டியது 6.20க்குத் தொடங்கியது, இருவர் வந்து சேரவில்லை” என்பது அறிக்கை. வகுப்பில் ஒரு காணொளி ஒத்திகையைக் காட்டி 14 பேரையும் எழுத வைத்து, பெயரை மறைத்து, எல்லாவற்றையும் சுவரில் ஒட்டுங்கள். எது பயன்படும், எது படாது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

செட்டின் வடிவத்தை ஒத்திகை அறையின் தரையில் டேப் ஒட்டிக் காட்டும் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். 1:50 அளவு வரைபடத்தில் 16 சென்டிமீட்டர் என்றால் மேடையில் 8 மீட்டர். நடுக்கோட்டையும் முன்மேடைக் கோட்டையும் ஆதாரமாக வைத்து அளந்து, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதுவரை தரையில் வந்துவிட வேண்டும். இதைத் தவறாக ஒட்டினால், ஒரு மாதம் பழகிய அசைவு அத்தனையும் உண்மையான செட் வந்த அன்று இடிபடும்.

இனி முக்கியமான கட்டம். 9 அல்லது 10ஆம் வாரத்தில் புத்தகங்களைக் கைமாற்றுங்கள். ஒவ்வொருவரும் நாடகத்தின் ஒரு காட்சிக்காவது தனியாகப் புத்தகம் வைத்திருப்பார்கள். ஒருவருடையதை இன்னொருவரிடம் கொடுங்கள். அரை மணி நேரம் படிக்கட்டும். பிறகு அந்தக் காட்சியை, நடிகர்களோடோ ஒத்திகைப் பதிவை ஓடவிட்டோ, அவர் நடத்தட்டும். எழுதியவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்; வாய் திறக்கக்கூடாது. அவருக்கு ஒரே வேலைதான்: புத்தகம் விடை சொல்லாத கேள்விகளைக் குறித்துக்கொள்வது. இந்த ஒரு மணி நேரத்தில் கற்பதை எந்த விரிவுரையாலும் கொடுக்க முடியாது. தனக்குத் தெளிவாகத் தெரிந்தது அடுத்தவருக்குத் தெரியவில்லை என்பதை மாணவர் நேரில் பார்க்கிறார். இரண்டு வாரம் கழித்து, திருத்திய புத்தகத்தை வேறொருவரிடம் கொடுத்து மறுபடியும் செய்யுங்கள். நாடகம் நான்கு இரவு நடக்கிறது என்றால், ஒவ்வொரு இரவும் வேறொருவர் க்யூ சொல்வதுவரை இதைக் கொண்டுபோகலாம். அதற்கு இயக்குநரின் நம்பிக்கை வேண்டும்.

இயக்குநரைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். மூத்த பேராசிரியருக்கு எதிரே மாணவருக்கு அதிகாரம் தானாக வராது. நீங்கள்தான் வாங்கிக்கொடுக்க வேண்டும். முதல் ஒத்திகைக்கு முன்பே இயக்குநர், மேடை மேலாளர், நீங்கள் மூவரும் உட்கார்ந்து, யார் எதை முடிவு செய்வது என்று ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஒத்திகை தொடங்கும், முடியும் நேரம், இடைவேளையை அறிவிப்பது யார், அழைப்பு நேரத்தை (ஒத்திகைக்கு வந்து சேர வேண்டிய நேரத்தை) மாற்ற எத்தனை மணி நேரம் முன்னதாகச் சொல்ல வேண்டும், இவை போதும். இடைவேளைக்கு முன்மாதிரி வேண்டுமென்றால், நடிகர்களும் மேடை மேலாளர்களும் ஒன்றாக இருக்கும் அமெரிக்காவின் ஆக்டர்ஸ் ஈக்விட்டி சங்கத்தின் விதி இருக்கிறது: 55 நிமிடத்துக்குப் பின் 5 நிமிடம், அல்லது 80 நிமிடத்துக்குப் பின் 10 நிமிடம். எழுதிவைத்ததை மாணவர் நினைவூட்டும்போது அது விதியாக இருக்கும், எதிர்ப்பேச்சாக ஆகாது. உங்களுக்கும் ஒரு விதி: ஹெட்செட்டை நீங்கள் மாட்டக்கூடாது. அதில் உங்கள் குரல் ஒருமுறை கேட்டுவிட்டால், அதன் பிறகு எல்லா ஆபரேட்டர்களும் உங்களுக்காகத்தான் காத்திருப்பார்கள். பின்வரிசையில் குறிப்பேட்டோடு உட்காருங்கள். ஆபத்து என்றால் மட்டும் குறுக்கிடுங்கள்.

ஆபத்து என்றதும் 1903 டிசம்பர் 30ஐ வகுப்பில் சொல்லியே ஆக வேண்டும். சிகாகோவின் இரோக்வாய் அரங்கம் திறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. தீயே பிடிக்காத கட்டடம் என்று விளம்பரம் செய்திருந்தார்கள். பகல் காட்சியில் ஆர்க் விளக்கிலிருந்து திரைச்சீலையில் தீப்பற்றியது. தீத்தடுப்புத் திரை பாதியில் சிக்கிக்கொண்டது. பல கதவுகள் பூட்டியிருந்தன, அல்லது மக்களுக்குத் திறக்கத் தெரியாத தாழ்ப்பாள் போட்டிருந்தது. 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உள்ளிருந்து தள்ளினாலே திறக்கும் தண்டு வைத்த அரங்கக் கதவுகள் பரவலானதற்கு இந்தத் துயரமும் ஒரு காரணம். காட்சிக்கு முன் ஒவ்வொரு வாயிலையும் மேடை மேலாளர் தன் கையால் தள்ளிப் பார்ப்பது இதற்காகத்தான் என்று மாணவர் அறிந்தால், அந்தச் சரிபார்ப்புப் பட்டியலில் பார்க்காமல் டிக் போட அவருக்கு மனம் வராது. காட்சியை நிறுத்தும் அறிவிப்பையும் எழுதி மனப்பாடம் செய்ய வையுங்கள். தொழில்நுட்ப ஒத்திகையில் முன்னறிவிப்பில்லாமல் ஒரு சீட்டை நீட்டுங்கள்: “மேடையில் ஒருவர் மயங்கி விழுந்துவிட்டார்.” அடுத்த நிமிடம் என்ன நடக்கிறது என்று பாருங்கள். “நிறுத்துங்கள்” என்று குரல் கொடுக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு, மறுபடி தொடங்கும் உரிமை மேடை மேலாளருக்கு மட்டும் என்பதும் அன்றே பழக வேண்டும்.

தயாரிப்பு மேலாண்மைக்கு மூன்று வாரம் போதும். மேடை மேலாளர் ஒத்திகை அறையையும் நாடகத்தையும் பார்த்துக்கொள்கிறார். தயாரிப்பு மேலாளர் எல்லாத் துறைகளின் பணத்தையும் நேரத்தையும் ஆட்களையும் பார்த்துக்கொள்கிறார். அட்டவணையை முதல் காட்சி நாளிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும்: உடையோடு ஒத்திகை, தொழில்நுட்ப ஒத்திகை, விளக்கு பொருத்துதல், செட் ஏற்றுதல், அதற்கு முன் வாங்குதல். முன்னோக்கிப் போட்டால் எல்லாப் பணிக்கும் தாராளமாக நேரம் இருப்பதுபோல் தோன்றி, நெருக்கடி முழுவதும் கடைசி வாரத்தில் வந்து விழும். பட்ஜெட்டில் பத்து சதவீதம் தொடாத பணமாக நிற்கட்டும். பட்ஜெட் முடிவாகி ஒரு வாரம் ஆனதும் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டேன் என்று அறிவியுங்கள். செட், காஸ்ட்யூம், லைட் பொறுப்பாளர்களாகச் சில மாணவர்களை உட்காரவைத்து, தயாரிப்பு மேலாளர் பேசித் தீர்க்கட்டும். எல்லோரிடமும் சமமாகக் குறைப்பதுதான் நியாயம் என்று தொடங்குவார்கள். நாடகத்துக்கு எது உயிர், எதை விட்டுக்கொடுக்கலாம் என்ற கேள்விக்கு வந்து சேரும்வரை கூட்டத்தை முடிக்காதீர்கள்.

மதிப்பெண்ணை நாடகத்தின் வெற்றியோடு கட்டாதீர்கள். யாருக்கு எந்த இரவு, எந்த நடிகர்கள் அமைந்தார்கள் என்பதில் அதிர்ஷ்டமும் கலந்திருக்கிறது. என் பரிந்துரை 100க்கு இப்படி: புத்தகம் 25, கைமாற்றுப் பயிற்சி 30, அறிக்கைகள் 20, பட்ஜெட்டும் அட்டவணையும் 15, உடன் வேலை செய்த நடிகர்களும் ஆபரேட்டர்களும் எழுதித் தரும் மதிப்பீடு 10. கைமாற்றில் இரண்டு பேருக்கும் மதிப்பெண் உண்டு. ஆனால் புத்தகத்தில் விடை இல்லாமல் நடத்தியவர் தடுமாறினால், குறைவது எழுதியவரின் மதிப்பெண். முதல் கைமாற்றுக்கும் இரண்டாவதற்கும் இடையே ஏற்பட்ட முன்னேற்றத்துக்கு அதிக எடை கொடுங்கள்.

ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். நடிகர் தேர்வில் இடம் கிடைக்காதவர்களை மேடை மேலாண்மைக்கு அனுப்பும் வழக்கம் உங்கள் துறையில் இருந்தால் அதை நிறுத்துங்கள். மேடை மேலாளர் பொறுப்பை நடிகர் தேர்வுக்கு முன்பே அறிவித்து, விரும்பி வருபவருக்குக் கொடுங்கள். தேர்வு நடக்கும் அறையில் அவர் இயக்குநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும். எடுபிடி வேலை என்ற எண்ணத்தை உடைக்க இதைவிட விரைவான வழி எனக்குத் தெரியாது. அவர் ஒருவரிடமே எல்லாப் பாரத்தையும் ஏற்றாமல் இரண்டு மூன்று துணை மேலாளர்களைக் கொடுங்கள். இரவு ஒத்திகை முடிந்ததற்கும் மறுநாள் முதல் வகுப்புக்கும் இடையே பத்து மணி நேரமாவது இருக்கும்படி அட்டவணையைப் போடும் பொறுப்பு உங்களுடையது.

நாடகம் தள்ளிப்போகலாம், ரத்தும் ஆகலாம். அதற்காகவும் தயாராக இருங்கள். ஓரங்க நாடகம் ஒன்றை நான்கு பேர் உட்கார்ந்து வாசிக்க, 30 க்யூக்களோடு மாணவர்கள் மாறி மாறி நடத்தினாலும் கைமாற்றுப் பயிற்சி முழுமையாக நடக்கும். பருவம் முடிந்ததும் எல்லாப் புத்தகங்களையும் துறையின் அலமாரியில் வைத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு மாணவர்கள் முதல் கைமாற்றுப் பயிற்சியை அவற்றில் ஒன்றை வைத்தே தொடங்கலாம்.